யார் சரக்கும் ஏறும்

வெங்காயம் ஏற்றும் மாதத்தின் முதல் நாள். வெளிச்சம் சரியாக வரும் முன்பே துறைக்குப் போய்விட்டேன். எனக்கு முன்னால் டிரம்கள் வந்து நின்றன. நீல நிற பிளாஸ்டிக் டிரம். ஒவ்வொன்றும் என் மார்பு உயரம். துறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, சம்பளம் வாங்க வந்தவர்கள் மாதிரி வரிசையாக நின்றன. ஒன்றை விரலால் தட்டினேன். டொம் என்றது. அடுத்ததைத் தட்டினேன். அதுவும் டொம். மூடியை இறுக்கத் திருகி, உள்ளே வெறும் காற்றை வைத்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள்.

பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு, சென்ட்டு முதலாளியின் கணக்குப்பிள்ளை கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"என்னய்யா இது?" என்றேன்.

"சரக்கு, பெரியவரே."

"காலி டிரம்மா?"

"காலியோ ரொம்பினதோ, சரக்கு சரக்குதானே? டவுனுக்குப் போகணும். நாங்கதான் முதல்ல வந்தோம். ஏத்துங்க."

சொல்லிவிட்டு எங்கள் படகின் பக்கவாட்டைக் கையால் காட்டினான். அங்கே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வெள்ளைப் பெயிண்ட்டில் கோணல்மாணலாக எழுதியிருந்தது: யார் சரக்கும் ஏறும்.

எழுதியது பிள்ளைகள். சொன்னது நான். அதனால் இந்தக் கதையை நான்தான் சொல்ல வேண்டும்.

எங்களுடையது ஆற்றின் நடுவில் இருக்கிற தீவு. டவுன் எதிர்க்கரையில், கொஞ்சம் கீழே தள்ளி இருக்கிறது. விளைவதெல்லாம் அங்கே போனால்தான் காசு. முன்பு போக வர ஒரே ஒரு லாஞ்சுதான் இருந்தது. அது சென்ட்டு முதலாளியுடையது. ஆள் வருவதற்கு முன்னால் அவருடைய சென்ட் வாசனை வந்துவிடும், அதனால் அந்தப் பெயர். அவருக்குக் கும்பிடு போட்டவன் மூட்டை ஏறும். போடாதவன் மூட்டை துறையில் வெயில் காயும். என் கொழுந்தியா ஒரு தடவை அவரை எதிர்த்துப் பேசிவிட்டாள். அவள் தக்காளிக் கூடைகளை மட்டும் விட்டுவிட்டு லாஞ்சு போனது. மறுநாளும் போனது. அதற்கு மறுநாள் அந்தக் கூடைகளின் பக்கத்தில் நாய்கூடப் போகவில்லை.

தீவுப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்றுபோயிருந்தது. மேலே படிக்க வேண்டுமென்றால் பிள்ளைகள் தினமும் அதே லாஞ்சில் டவுனுக்குப் போக வேண்டும். ஆண் பிள்ளைகளில் பாதி போகும். பெண் பிள்ளைகள் வீட்டோடு நின்றுவிடும். என் இரண்டு பெண்களும் அப்படித்தான் நின்றார்கள். மேல்வகுப்புக்கு வாத்தியார் வருவார் வருவார் என்று அரசாங்கம் சொன்னது. அந்தச் சொல் மட்டும் வருஷாவருஷம் தவறாமல் வந்தது.

அப்புறம் ஊரே சேர்ந்து ஒரு பழைய மணல் படகை வாங்கினோம். சேற்றில் குப்புறக் கிடந்த படகு. பலகை மாற்றி, தார் பூசி, இன்ஜின் மாட்டினோம். டீசல் செலவு போக வருகிற கூலியெல்லாம் பள்ளிக்கூடத்துக்கு. அந்தப் பணத்தில்தான் மேல்வகுப்புக்கு ஒரு டீச்சரும், அவருக்குத் துணையாக ஒரு சின்ன டீச்சரும் வந்தார்கள். சுக்கான் பிடிக்கிற வேலை எனக்கு.

பள்ளிக்கூடத்தின் மேல் எனக்குப் பெரிய பாசம் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். நான் உள்ளே உட்கார்ந்த காலமும் கொஞ்சம், கற்றதும் கொஞ்சம். யாரையும் சுலபமாக நம்புகிற பழக்கமும் எனக்குக் கிடையாது. சென்ட்டுவின் முகத்துக்கு எதிரே ஒரு படகு ஓட வேண்டும், அதை நான் ஓட்ட வேண்டும். அவ்வளவுதான் நான் நினைத்தது. அந்த முதல் கூட்டத்தில் எழுந்து கத்தினேன். "யார் முதல்ல வர்றாங்களோ அவங்க சரக்கு முதல்ல ஏறும். யார் சரக்கையும் விட்டுட்டுப் போகக் கூடாது. எடைக்கு என்ன கூலியோ அதான் எல்லாருக்கும்." எல்லோரும் கை தட்டினார்கள். துறை ஆபீசரும் அந்த ஒரு காரணத்துக்காகத்தான், பாரபட்சம் இல்லாத பொதுப் படகு என்று எழுதி, டவுன் துறையில் நிறுத்த அனுமதி கொடுத்தார்.

இப்போது சென்ட்டு அந்த வார்த்தையைத் திருப்பி எங்கள் கழுத்திலேயே மாட்டிவிட்டார். காலி டிரம்முக்கு எடை என்ன இருக்கிறது? படகு நிறைய டிரம் ஏற்றினாலும், ஓரமாக நாலு வெங்காய மூட்டைக்கு வருகிற கூலிகூட வராது. இடமோ முழுக்கப் போய்விடும்.

அன்றைக்கு ஏற்றினோம். வேறு என்ன செய்வது? படகு பாரமே இல்லாமல் தண்ணீருக்கு மேலே நின்றுகொண்டு, காற்றடிக்கிற பக்கமெல்லாம் திரும்பியது. குடிகாரனைத் தோளில் சாய்த்துக் கூட்டிக்கொண்டு போகிற மாதிரி அதை டவுனுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். பின்னால் துறையில் வெங்காய மூட்டைகள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றன.

மறுநாள் காலை மறுபடியும் டிரம். அதில் ஒன்றின் இடுப்பில், கன்னம் ஒட்டின மாதிரி ஒரு நசுங்கல். அந்த நசுங்கலை முந்தின நாள் நான் என் கையால் இறக்கியிருக்கிறேன். அவருடைய லாஞ்சிலேயே ஏற்றி, எங்களுக்கு முன்னால் தீவுக்குத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள். அவர் ஆட்கள் துறையிலேயே பாய் விரித்துப் படுத்து இடம் பிடித்துக்கொண்டார்கள். எங்கள் ஆட்களோ பகல் முழுக்க வயலில் குனிந்து வெங்காயம் பிடுங்குகிறவர்கள். துறையில் படுக்க யாருக்குத் தெம்பு இருக்கிறது?

வருஷத்தில் இந்த ஒரு மாதம்தான் படகுக்குக் கைநிறைய வேலை. இந்த மாதக் கூலியில்தான் பள்ளிக்கூடம் அடுத்த வருஷம்வரை நடக்கும். அது சென்ட்டுவுக்கு நன்றாகத் தெரியும்.

இரண்டு மூன்று பேர் பொறுக்க முடியாமல், மூட்டைகளை லாஞ்சுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். கூலி இரட்டிப்பு. வாயை மூடிக்கொண்டு கொடுத்தார்கள். அப்புறம் பத்துப் பேர் போனார்கள்.

பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டோம். பிள்ளைகள் உட்காருகிற குட்டை பெஞ்சில், முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தோம். படகுக் கமிட்டிச் செயலாளர் என் மச்சான், என் வீட்டுக்காரியின் தம்பி. தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எதையும் கையெழுத்துப் போட்டுத் தீர்த்துவிடலாம் என்று நினைப்பான்.

"அத்தான், இதுல யோசிக்க ஒண்ணுமே இல்ல. காலி டிரம் ஏத்த மாட்டோம்னு சொல்லிடுவோம்," என்றான்.

"சொல்லேன். அதுக்குத்தான் அந்தக் கணக்குப்பிள்ளை ஃபோனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான். நீ ஏத்த மாட்டேன்னு வாயைத் திறக்கணும், அவன் அதைப் படம் பிடிக்கணும், ஆபீசர்கிட்ட காட்டணும். அனுமதி போச்சு."

"அப்ப எடைக்கு வேண்டாம், அடைக்கிற எடத்துக்குக் கூலி வாங்குவோம்."

"அதுக்கு மனுப் போடணும். மனு போய் ஆபீசர் மேஜைல படுத்தா எப்ப எந்திரிக்கும்? உனக்குத் தெரியாதா, நீயும் ஆபீஸ்ல இருந்தவன்தானே?"

அவனுக்கு மூக்கு சிவந்துவிட்டது. அதற்குள் கொழுந்தியா எழுந்தாள். அவள் அவனுக்கும் இளையவள். புருஷன் போன பிறகு வயலையும் தானே பார்த்துக்கொண்டு, துறையில் மூட்டை தூக்குகிற பெண்களுக்கும் தலைவியாக இருப்பவள்.

"ரெண்டு பேரும் நல்லா சண்டை போடுங்க. வீட்டுல என் வெங்காயம் முளைவிட்டுத் தலையாட்டிக் கேட்டுக்கிட்டிருக்கு. ஏன் அத்தான், அந்த ஒரு வார்த்தையை மாத்தினா உங்க தலை இறங்கிடுமா?"

"இறங்கும். அன்னிக்கு உன் தக்காளியை விட்டுட்டுப் போனான்ல, அப்ப நீ துறையில நின்னு அழுதியே, அதுக்காகத்தான் அந்த வார்த்தை. இன்னிக்கு அவனுக்குன்னு ஒரு தடவை மாத்துவீங்க. நாளைக்கு உங்களுக்குப் பிடிக்காத இன்னொருத்தனுக்கு மாத்துவீங்க. அப்புறம் நம்ம படகுக்கும் அவன் லாஞ்சுக்கும் பெயிண்ட்டுதான் வித்தியாசம். ஏத்தறோம்னு சொன்னோம். ஏத்துவோம்."

"நான் ஒண்ணும் அழலை," என்று சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்துகொண்டாள்.

அப்போது டீச்சர் பேசினார். கரும்பலகைப் பக்கம் நின்றுகொண்டு, பாடம் சொல்கிற அதே குரலில் பேசினார்.

"நான் வெளிப்படையா சொல்லிடறேன். அப்புறம் சொல்லாமக் கொள்ளாமப் போய்ட்டாங்கன்னு யாரும் சொல்லக் கூடாது. எங்கம்மா டவுன்ல சித்தி வீட்டுல ஒரு மூலையில இருக்காங்க. அவங்க செலவு என் கையிலதான். இந்த மாசம் படகு ஓடலைன்னா எனக்கும் சின்ன டீச்சருக்கும் சம்பளம் இல்லைங்கறது எல்லாருக்கும் தெரியும். டவுன் பள்ளிக்கூடத்துல என்னைக் கேட்டிருக்காங்க. வர்ற வெள்ளிக்கிழமை நேர்ல போய்ப் பதில் சொல்லணும்."

டீச்சர் போனால் சின்ன டீச்சர் தனியாக நிற்க மாட்டார். மேல்வகுப்பு மூடப்படும்.

"போறவங்க போவாங்க," என்றேன் நான்.

"அத்தான், உங்க வாயில என்ன விளக்கெண்ணெயா ஊத்தி வளர்த்தாங்க?" என்றாள் கொழுந்தியா.

வெளியே வரும்போது எங்கள் படகின் இன்ஜின்காரன் சுவரில் சாய்ந்து நின்றான். டீசல் என்றுதான் அவனைக் கூப்பிடுவோம். அவனுக்கு அந்தப் பெயர் உடம்பு வாசனையால் வந்தது. இருபது வருஷம் குளித்தாலும் போகாது. அவனிடம் நான் பேசவில்லை. முந்தின நாள் அவன் லாஞ்சு ஆட்களோடு சேர்ந்து டீ குடித்ததை என் கண்ணால் பார்த்திருந்தேன். டீக்கடையில் தொடங்குகிற சிநேகம் எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியாதா?

வெள்ளிக்கிழமை வந்தது. துறையில் வழக்கம்போல் டிரம். வழக்கம்போல் நாற்காலி, கணக்குப்பிள்ளை, ஃபோன். டிரம்களுக்குப் பின்னால் வெங்காய மூட்டைகள். அவற்றுக்கும் பின்னால் டீச்சர், தோளில் ஒரு பையோடு. பை உப்பியிருந்தது. ஒரு நாள் போய்வர எதற்கு இவ்வளவு பெரிய பை? நான் பையைப் பார்த்ததை டீச்சர் பார்த்தார். இருவரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம்.

இன்னொரு தொல்லையும் இருந்தது. டவுனுக்குப் போகிற வழியில் ஆற்றின் குறுக்கே ஒரு மணல்திட்டு இருக்கிறது. மழை இல்லாத மாதங்களில் அதன்மேல் தண்ணீர் மெலிந்துவிடும். இடம் கிடைத்தாலும் வெங்காய மாதத்தில் நாங்கள் பாதி பாரம்தான் ஏற்றுவோம். அதற்கு மேல் ஏற்றினால் படகின் வயிறு மணலில் உட்கார்ந்துவிடும்.

கொழுந்தியா முதல் டிரம்மைத் தூக்கக் குனிந்தாள். குனிந்தவள் நிமிர்ந்தாள்.

"இந்தக் காத்தடைச்ச பயலுக்கு நான் முதுகு வளைக்கணுமா?" என்று சொல்லி எட்டி ஓர் உதை விட்டாள். டிரம் சரிவில் உருண்டு, இரண்டு குதி குதித்து, ஆற்றில் விழுந்தது.

கணக்குப்பிள்ளை நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். "சரக்கை ஆத்துல தள்ளிட்டாங்க! பதிவாயிடுச்சு! எல்லாம் பதிவாயிடுச்சு!"

அவன் எதற்காக இத்தனை நாளாக உட்கார்ந்திருந்தானோ அதை எங்கள் வீட்டுப் பெண்ணே எடுத்துக் கொடுத்துவிட்டாள். டிரம் நீரோட்டத்தில் போக ஆரம்பித்தது. நான் வாயைத் திறப்பதற்குள் டீசல், போட்டிருந்த சட்டையோடு குதித்தான். நாலு கை போட்டு அதைப் பிடித்தான். ஆனால் இழுத்து வருவதற்குப் பதிலாக அதன்மேல் குப்புற ஏறிப் படுத்தான். டிரம் கொஞ்சம் ஆடியது. அவ்வளவுதான். அவனையும் சுமந்துகொண்டு மிதந்தது.

"பெருசு! இது என்னைத் தூக்குது!" என்று கத்தினான்.

"உன்னைத் தூக்கவும் ஒரு ஆள் கெடைச்சுதே. மொதல்ல கரைக்கு வாடா!"

வந்தான். டிரம்மைப் பிடித்தபடி இடுப்பளவு தண்ணீரில் நின்றான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. சிரிக்கிறான்.

"ஒரு டிரம் என்னையே தூக்குதுன்னா, இத்தனை டிரம் சேர்ந்து நம்ம படகைத் தூக்காதா?"

கொழுந்தியா சொன்னாள்: "அடப்பாவி. டீசல் குடிச்சாவது உனக்கு மூளை வேலை செய்யுதே."

எனக்கு உடனே நம்பிக்கை வரவில்லை. லாஞ்சு ஆட்களோடு டீ குடித்தவன் சொல்கிற யோசனை. பாதி ஆற்றில் கயிறு அறுந்தால் ஒரு பக்கம் டிரம் போகும், படகு அந்தப் பக்கம் சாயும், வெங்காயமும் ஆட்களும் தண்ணீரில் கிடப்பார்கள். ஆனால் கணக்குப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். ஃபோனைப் பிடித்த கை இறங்கியிருந்தது. அவன் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

"கயிறு கொண்டா," என்றேன். "வலை இருந்தாலும் கொண்டா. பழசோ புதுசோ, இருக்கிறதையெல்லாம் கொண்டா."

"சரக்கை உள்ளதான் ஏத்தணும்!" என்றான் கணக்குப்பிள்ளை. "வெளில கட்டறது ஏத்தறது ஆகாது!"

அங்கேதான் என் மச்சான் முன்னால் வந்தான். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மெதுவாக மாட்டிக்கொண்டான். "தம்பி, அனுமதிச் சீட்டை நான் தலைகீழா சொல்லுவேன். வாங்கின சரக்கைச் சேதமில்லாம, குறையில்லாம அக்கரை சேர்க்கணும்னு இருக்கு. படகுக்கு உள்ள வெச்சா, வெளில வெச்சான்னு ஒரு வரி இல்ல. நனையக் கூடாதுன்னு ஏதாவது இருக்கா உங்க டிரம்முக்கு? சளி பிடிக்குமா?"

துறையே சிரித்தது. மச்சான் வாழ்க்கையில் அவன் பேச்சுக்கு ஊர் சிரித்தது அன்றைக்குத்தான். கண்ணாடியைக் கழற்றாமலே நின்றான்.

டிரம்களை வலையில் சுற்றிக் கொத்துக்கொத்தாகக் கட்டினோம். படகின் இரண்டு பக்கமும் வைத்து, கயிற்றைப் படகின் வயிற்றுக்கு அடியில் விட்டு அந்தப் பக்கம் இழுத்தோம். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். "இழு, இன்னும் இழு, வீட்டுல புருஷனை இழுக்கிற மாதிரி இழுக்காதே, பலமா இழு," என்று கொழுந்தியா சத்தம் போட்டாள். டீசல் தண்ணீருக்குள் மூழ்கி மூழ்கி ஒவ்வொரு முடிச்சையும் இறுக்கினான். டீச்சர் பையைக் கீழே வைத்துவிட்டுக் கயிற்றின் கோடியைப் பிடித்துக்கொண்டிருந்தார். உள்ளங்கை சிவந்துவிட்டது. விடவில்லை.

பிறகு வெங்காயம் ஏறியது. பாதி பாரம் ஏறியதும் நான் கையைக் காட்டி நிறுத்தினேன். எட்டிப் பார்த்தேன். டிரம்கள் தண்ணீரில் கொஞ்சம் அமுங்கி, படகைத் தோளில் வாங்கிக்கொண்டு நின்றன. "ஏத்து," என்றேன். மறுபடி பார்த்தேன். "ஏத்து." முளைவிட்ட வெங்காயம், முளைவிடாத வெங்காயம், யாரோ ஒருவருடைய பூசணிக்காய்கள், எல்லாம் ஏறின. அந்த மாதத்தில் முழுப் பாரம் ஏற்றியது அதுதான் முதல் தடவை.

"கயிறு அறுந்தா நான் பொறுப்பில்ல. பயப்படறவங்க எறங்கிடுங்க," என்றேன்.

ஒருவரும் இறங்கவில்லை. டீச்சர் முன்பக்கம் ஒரு மூட்டைமேல் பையை மடியில் வைத்து உட்கார்ந்தார். கணக்குப்பிள்ளை, டிரம்களை விட்டுப் பிரிய மனமில்லாமல், அவனும் ஏறிக்கொண்டான்.

திட்டை நெருங்கும்போது வாசனை வந்தது. சென்ட் வாசனை. ஆற்றின் நடுவில்.

பார்த்தால், லாஞ்சு திட்டின்மேல் உட்கார்ந்திருக்கிறது. எங்களிடமிருந்து பறித்த சரக்கையெல்லாம் ஆசைப்பட்டுக் கழுத்துவரை ஏற்றிக்கொண்டு, மணலில் வயிற்றைச் செருகி, ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. ஆட்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று தள்ளிக்கொண்டிருந்தார்கள். முன்பக்கம் வெள்ளைச் சட்டையில் முதலாளி. முழங்கால்வரை நனைந்திருந்தார்.

எனக்கு அவரைப் பார்க்க நேரமில்லை. சுக்கானைப் பிடித்த கையில் மட்டும்தான் என் உயிர் இருந்தது. "இன்ஜினைக் குறை," என்றேன். டீசல் குறைத்தான். படகு லாஞ்சுக்குப் பக்கத்தில் திட்டின்மேல் ஏறியது. அடியில் மணல் ஸ்ஸ்ஸென்று உரசியது. ஒரு டிரம் கிறீச்சிட்டது. வேகம் குறைந்தது. எல்லோரும் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டார்கள், அது படகின் பாரத்தைக் குறைக்கும் என்பது மாதிரி. கொழுந்தியா ஒரு கழியை எடுத்து ஊன்றினாள். டீச்சர் எழுந்து இன்னொரு கழியை எடுத்தார். படகு ஒரு தடவை நின்றது. பிறகு, தூக்கத்தில் புரண்டு படுக்கிறவன் மாதிரி, மெல்ல ஒரு புரளல். உரசல் நின்றுவிட்டது. என் கையில் சுக்கான் லேசாகிவிட்டது.

அப்போதுதான் அவரை நன்றாகப் பார்த்தேன். அவர் எங்கள் படகைப் பார்க்கவில்லை. அதன் இரண்டு பக்கமும் கட்டியிருந்த நீல டிரம்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெரியவரே!" என்றார். என்னை அவர் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "இந்த மூட்டையில பாதியை உங்க படகுல மாத்திக்குங்க. என்ன கேட்டாலும் தர்றேன்."

"கேக்க ஒண்ணும் இல்லைங்க முதலாளி. எடைக்கு என்னவோ அதான். யார் சரக்கும் ஏறும்."

அவர் முகம் தெளிந்தது.

"ஆனா துறைக்கு வந்து வரிசைல நிக்கணும்," என்றேன்.

"நடு ஆத்துல ஏதுய்யா வரிசை?"

"அதான் நானும் சொல்றேன். வரிசை துறையிலதான் இருக்கு."

கொழுந்தியா கழியை ஊன்றிக்கொண்டு சிரித்தாள். "இடுப்பளவு தண்ணிதான் முதலாளி, நடந்தே வரலாம். இல்லைன்னா சொல்லுங்க, ஒரு டிரம்மை அவுத்து விடறோம். நல்லா மெதக்குது, நாங்க பாத்துட்டோம்."

படகே கூச்சல் போட்டது. கணக்குப்பிள்ளை ஒரு பூசணிக்காய்க்குப் பின்னால் குனிந்துகொண்டான்.

டவுன் துறையில் ஆபீசர் காத்துக்கொண்டிருந்தார். ஃபோனில் புகார் போய்விட்டது போலிருக்கிறது. ஒவ்வொரு டிரம்மையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஓட்டை இல்லை, உடைசல் இல்லை. "நசுங்கியிருக்கே இது?" என்றார். "அது எங்களுக்கு முன்னாடியே நசுங்கினது சார். நாங்க பழகிட்டோம் அதோட," என்றான் மச்சான். கொழுந்தியா முந்தானையால் டிரம் ஒவ்வொன்றையும் துடைத்து, கணக்குப்பிள்ளையிடம் கல்யாணப் பெண்ணை ஒப்படைக்கிற மாதிரி ஒப்படைத்தாள். ஆபீசர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு போய்விட்டார்.

டீச்சர் பையைத் தோளில் மாட்டினார். "போய்ட்டு வர்றேன்," என்றார்.

போகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போகிறார்கள். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

சாயங்காலம் வெங்காயமெல்லாம் இறங்கி, தீவுக்குப் போகிற சரக்கும் ஏறிவிட்டது. கிளம்ப வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. டீச்சர் வரவில்லை.

"இன்ஜின்ல ஏதோ சத்தம் வருது. பாரு," என்றேன் டீசலிடம்.

"ஒண்ணும் வரலையே பெருசு."

"வருது. பாருன்னா பாரு."

அவன் என் முகத்தைப் பார்த்தான். பேசாமல் இன்ஜின் மூடியைத் திறந்து உள்ளே தலையை விட்டுக்கொண்டான். நான் துறையின் படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அன்னிக்கு அவனுங்களோட டீ குடிச்சியே, எதுக்குடா?" என்றேன்.

"லாஞ்சுல எவ்வளவு ஏத்தறாங்கன்னு வாயைப் பிடுங்கத்தான். இப்படியே ஏத்தினா திட்டுல உக்காருவீங்கடான்னு சொன்னேன். சிரிச்சானுங்க. டீக்கும் காசு நான்தான் குடுத்தேன்." தலையை வெளியே எடுக்காமலே சொன்னான். "பெருசு, எவ்வளவு நேரம் நான் இந்த நட்டையே பாத்துக்கிட்டிருக்கணும்?"

"நான் சொல்ற வரைக்கும்."

படிக்கட்டில் முதலில் ஒரு தகரப் பெட்டி தெரிந்தது, ஒரு கூலியாள் தலையில். அப்புறம் ஒரு சுருட்டிய மெத்தை. அப்புறம் டீச்சர். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியையும் திட்டிக்கொண்டே இறங்கிய ஒல்லியான ஓர் அம்மாள்.

"இதான் படகா? யார் சரக்கும் ஏறும்னு எழுதியிருக்கே. நானும் சரக்குதானா?" என்றார் அந்த அம்மாள்.

"ஆளுக்குக் கூலி இல்லைங்க. பெட்டிக்கு மட்டும்தான்," என்றேன்.

"அப்ப எடை போடுங்க. ஓசில போற வழக்கம் எங்க குடும்பத்துல இல்ல."

எடை போட்டேன். டீச்சர் கூலியை எண்ணி வைத்தார். பெரிய பை இப்போது காலியாக, மடித்து அவர் கையிடுக்கில் இருந்தது. காலையில் அதில் என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். "டவுன்ல தங்கறதுக்குத் துணி எடுத்துட்டு வந்தேன். அதை அம்மா பெட்டியில வெச்சுட்டேன்."

"பள்ளிக்கூடத்துல என்ன பதில் சொன்னீங்க?"

"வரலைன்னு."

"நாங்க யாரும் உங்களை இருங்கன்னு கேக்கலையே."

"கேட்டிருந்தா யோசிச்சிருப்பேன்," என்றார் டீச்சர். "திட்டைத் தாண்டினோம்ல, அப்பவே முடிவு பண்ணிட்டேன். ஒரு வீடு பாத்துக் குடுங்க பெரியவரே. வாடகை அதிகம் சொன்னா எங்கம்மா திட்டுவாங்க."

"டேய், சத்தம் நின்னுடுச்சு. இன்ஜினைப் போடு," என்றேன்.

மறுநாள் காலை துறைக்குப் போனேன். ஒரு டிரம்கூட இல்லை. நாற்காலியும் இல்லை. சென்ட்டு ஒரே நாளில் பாடம் படித்துவிட்டார். வெங்காய மூட்டைகள் மட்டும் வரிசையாக நின்றன. முழுப் பாரம் ஏற்றினால் திட்டைத் தாண்ட முடியாது. மச்சான் மூட்டைகளையும் ஆற்றையும் மாறி மாறிப் பார்த்தான். டீசல் ஈரக் கயிற்றைச் சுருட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அப்போது தெருவிலிருந்து சத்தம் வந்தது. கடகடவென்று, ஏதோ உருண்டு வருகிற சத்தம். என் வீட்டுக்காரி முதலில் வந்தாள். எங்கள் வீட்டுத் தண்ணீர் டிரம்மைக் காலால் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"வீட்டுக்குத் தண்ணி எதுலடி பிடிப்பே?" என்றேன்.

"ஆறு எங்கயாவது ஓடிடுச்சா? குடத்துல எடுத்துக்கறேன். நீங்க உங்க வேலையைப் பாருங்க."

அவள் பின்னால் கொழுந்தியாவின் டிரம். அப்புறம் பச்சை, கறுப்பு, சிவப்பு, தகரம், எண்ணெய்க் கறை பிடித்தது, மூடிக்குத் துணி சுற்றியது, எல்லா வீட்டு டிரம்மும். லாஞ்சில் சரக்கு ஏற்றப் போனவர்களின் வீட்டு டிரம்களும் வந்தன. அவர்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக் குடிதண்ணீர் டிரம்மை உருட்டிக்கொண்டு வந்தார்கள். பின்னாலேயே டீச்சரின் அம்மா. "வந்த மறுநாளே குடிக்கிற தண்ணிக்கு வழியில்லாம பண்ணிட்டாங்க, என்ன ஊருடி இது," என்று உரக்கச் சொல்லிக்கொண்டு, டிரம் திசை மாறும்போதெல்லாம் கையால் நேராக்கிவிட்டுக்கொண்டு வந்தார்.

கட்டினோம். நேற்றைவிடச் சீக்கிரம் முடிந்தது. கை பழகிவிட்டது.

வரிசையின் கடைசியில் ஒரு புதுக் கும்பல் மூட்டைகள் நின்றன. அடியெல்லாம் ஈரம், மணல் ஒட்டியிருந்தது. பக்கத்தில் கணக்குப்பிள்ளை, நாற்காலி இல்லாமல், வெயிலில் நின்றுகொண்டிருந்தான். லாஞ்சு இன்னும் திட்டில்தான் கிடக்கிறது, அதிலிருந்து இறக்கிக் கொண்டுவந்த மூட்டைகள் இவை என்று டீசல் காதில் சொன்னான்.

கணக்குப்பிள்ளை என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் படகின் பக்கவாட்டைக் காட்டினேன். டிரம்களுக்கு மேலே எழுத்து முழுக்கத் தெரிந்தது.

அவன் சரக்கும் ஏறும். அவன் முறை வரும்போது.